துவக்கு ரிலேயின் வரலாறும் சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டும்: மலிவான மாற்று உதிரி குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

உற்பத்தி நின்றுபோன பழைய மகிழுந்துகளுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது அரிது என்பதும், கிடைத்தாலும் விலை மிகுதி என்பதும் பொதுவான கருத்து. துவக்கு மோட்டாருக்கு மின்னோட்டம் செலுத்தும் ரிலே இக்கருத்துக்கு விலக்காக உள்ளது. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தைச் சான்றாகக் கொண்டு, அவ்விலக்கு எவ்வாறு நேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ரிலே மோட்டாரிலிருந்து பிரிந்து தனியுறுப்பாக நின்ற வடிவமைப்பு முதற்காரணம்; 1950-களின் இந்தியத் தொழிற்கொள்கையும் அதனையொட்டிச் சென்னையில் வேரூன்றிய மின்கருவி உற்பத்தியும் அடுத்த காரணங்கள் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: துவக்கு ரிலே, சோலினாய்டு, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, லூகாஸ், பாடி, புதுப்பேட்டை, உதிரிப்பாக வரலாறு.

முன்னுரை

இந்திய மகிழுந்து வரலாறு பெரும்பாலும் ஆலைகளின் வரலாறாகவும் உரிமங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. ஒரு வண்டி ஆலையைவிட்டு வெளியேறியபின் அறுபது ஆண்டுகள் எவ்வாறு ஓடியது, அதனை ஓடவைத்த பொருள்கள் எங்கிருந்து வந்தன என்னும் வினாக்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. ஆலை மூடப்பட்டபின் வண்டியின் வாழ்வு உதிரிப்பாகங்களையே சார்ந்துள்ளது. அவற்றுள் சில அறவே கிடைக்காமல் போயின. கதவுக் கண்ணாடியின் விளிம்பு ரப்பரும் முகப்பு விளக்கின் வளையமும் அவ்வகையின. வேறு சில இன்றும் தெருமுனைக் கடையில் எளிய விலைக்குக் கிடைக்கின்றன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் காண்பது பொருளியல் வரலாற்றுக்கு உரிய பணியே.

துவக்கு ரிலே அளவிற் சிறியது. உள்ளங்கையில் அடங்கும் உலோகக் குப்பி, அதன் இருபுறமும் பருத்த செம்பு முனைகள், ஓரத்தில் மெல்லிய முனை ஒன்றோ இரண்டோ. அவ்வளவே அதன் புறத்தோற்றம். எனினும் அது பழுதானால் வண்டி நின்ற இடத்தைவிட்டு அசையாது.

சொல்லும் பொருளும்

ரிலே என்னும் ஆங்கிலச் சொல் நெடும்பயணத்தில் களைத்த குதிரைகளை மாற்றுவதற்காக வழியில் நிறுத்திவைத்த புதுக்குதிரைகளைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழில் ரிலே ஓட்டப்பந்தயம் ‘அஞ்சலோட்டம்’ எனப்படுவது இங்கு நினைக்கத்தக்கது. ஒருவர் களைப்புற்ற இடத்தில் மற்றொருவர் பொறுப்பேற்கும் கருத்து இருமொழியிலும் ஒன்றே. தந்தித் துறையில் இச்சொல் பொருத்தமாகவே நுழைந்தது. நெடுந்தொலைவு கடந்து நலிந்த மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தை மட்டும் அசைக்கும். அம்மின்காந்தம் புதிய மின்கலத்தின் வலிய சுற்றை மூடும். 1825-இல் வில்லியம் ஸ்டர்ஜன் உருவாக்கிய மின்காந்தத்தை அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி வலுப்படுத்தினார். மெல்லிய மின்னோட்டத்தால் வலிய சுற்றை ஆளும் முறையை அவர் 1835-ஆம் ஆண்டளவில் மாணவர்க்குச் செய்துகாட்டினார். மகிழுந்தின் துவக்கு ரிலே இக்கருத்தின் நேர்வழி வந்ததாகும்.

தமிழகப் பட்டறை வழக்கில் இதற்குச் ‘சோலினாய்டு’, ‘சோலினாய்டு சுவிட்ச்’ என்னும் பெயர்கள் நிலைபெற்றுள்ளன. துவக்கு மோட்டார் ‘செல்ஃப் மோட்டார்’ ஆயிற்று. ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்ற தொடரின் முன்பாதி மட்டும் நின்று, ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்னும் மரபுத்தொடராக வழங்குகிறது. தான் என்னும் பொருளுடைய சொல் இயந்திரத்தின் பெயராகிவிட்ட இவ்வழக்கு மொழியாய்வாளர் கருதத்தக்கது. பட்டறைப் பேச்சில் ‘ரிலே’ என்றால் பெரும்பாலும் ஒலிப்பானுக்கும் முகப்பு விளக்குக்கும் உரிய சிறு கனசதுரப் பெட்டியே பொருளாகும். கடையில் வேறு பொருள் கைக்கு வருவதற்கு இப்பெயர்க் குழப்பமும் ஒரு காரணம்.

கைப்பிடியிலிருந்து மின்விசைக்கு

மகிழுந்தின் முதற்காலத்தில் எஞ்சினைத் துவக்க முன்புறம் கைப்பிடி செருகிச் சுழற்ற வேண்டியிருந்தது. எரிபொருள் முன்னதாகத் தீப்பற்றினால் கைப்பிடி எதிர்த்துச் சுழன்று மணிக்கட்டை முறிக்கும். 1908-இல் பைரன் கார்ட்டர் என்பார் இத்தகைய விபத்தின் விளைவாக இறந்தார் என்றும், அத்துயரமே காடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லேலண்டை மின்துவக்கம் தேடச்செய்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. அதன் விவரங்கள் ஐயத்துக்குரியவை. ஐயத்துக்கு இடமற்றது சார்லஸ் கெட்டரிங்கின் பணி. டேட்டன் நகரில் பணப்பதிவுப் பொறி நிறுவனத்தில் பணிபுரிந்தபோது அவர் ஒன்றை உணர்ந்திருந்தார்: சில நொடிகள் மட்டும் சுழலும் மோட்டார் சிறிதாக இருப்பினும் பெருஞ்சுமையைத் தாங்கும், இடையில் அது குளிர்ந்துகொள்ளும். இவ்வறிவின் பயனாக 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் மகிழுந்து மின்துவக்கத்துடன் வெளிவந்தது.

சிலநொடிப் பணி என்னும் இக்கருத்து ரிலேக்கும் பொருந்தும். கட்டுரையின் பிற்பகுதியில் இது மீண்டும் தேவைப்படும்.

தொடக்கக்காலத் துவக்கிகளில் ஓட்டுநர் தம் காலாலோ கையாலோ கனத்த சுவிட்சை நேரடியாக அழுத்தினார். 1948-இல் வெளிவந்த மாரிஸ் மைனரின் முதற்கால வண்டிகளிலும் குமிழ் ஒன்றை இழுத்தே துவக்கவேண்டும். துவக்கு மோட்டார் எஞ்சினைச் சுழற்றுகையில் நூறு முதல் இருநூறு ஆம்பியர் வரை இழுக்கும். அசையத்தொடங்கும் கணத்தில் அதனினும் மிகுதியாக இழுக்கும். அத்தகைய மின்னோட்டத்தைச் சாவித்துளை வழியாகச் செலுத்துவது இயலாது. ரிலே இச்சிக்கலைத் தீர்த்தது. சாவி மூன்று முதல் ஐந்து ஆம்பியர் வரையான சிறு மின்னோட்டத்தை மட்டும் கம்பிச்சுருளுக்கு அனுப்பும். சுருளின் காந்தவிசை இரும்புத் தண்டை இழுக்க, தண்டின் நுனியிலுள்ள செம்புத் தட்டு இரு பருத்த முனைகளையும் இணைக்கும். பெருமின்னோட்டம் மின்கலத்துக்கும் மோட்டாருக்கும் இடையிலான குறுகிய வழியிலேயே பாயும்.

தனித்து நின்ற ரிலே

இங்கு வடிவமைப்பு இருவழியாகப் பிரிந்தது. விலையின் வரலாறும் அப்பிரிவிலேயே தொடங்குகிறது.

முதல்வழி நிலைம வகைத் துவக்கி. அமெரிக்கர் வின்சென்ட் பெண்டிக்ஸின் பெயரால் அது வழங்கும். மோட்டாரின் அச்சில் திருகுபுரி உண்டு. மோட்டார் சட்டெனச் சுழல, சிறு பற்சக்கரம் தன் நிலைமத்தால் பின்தங்கி, புரிவழியே நகர்ந்து எஞ்சினின் ஃப்ளைவீல் பற்களைப் பற்றும். பற்சக்கரத்தை நகர்த்த வேறு கருவி வேண்டியதில்லை. ஆகவே ரிலேக்கு மின்சுற்றை மூடுவது ஒன்றே வேலை. அது மோட்டாரின்மேல் அமரத் தேவையில்லை. மின்கலத்துக்கு அருகில், உடற்சுவரில், எங்கு வசதியோ அங்கு இருக்கலாம்.

இரண்டாம்வழி முன்பிணைப்பு வகை. அதில் சோலினாய்டு மோட்டாரின் முதுகிலேயே அமர்ந்து, நெம்புகோலால் பற்சக்கரத்தை முன்தள்ளிப் பற்களைப் பிணைத்தபின் மின்சுற்றை மூடுகிறது. இது தேர்ந்த அமைப்பு. பற்கள் தேய்வது குறைவு. ஆனால் சோலினாய்டின் நீளம், தண்டின் கொக்கி, திருகுத்துளைகளின் இடைவெளி ஆகிய அனைத்தும் அந்த மோட்டாருக்கே உரியவை. ஒன்றனுக்கு மற்றொன்று பொருந்துவது அரிது.

முதல்வகை ரிலே எந்த மகிழுந்துக்கும் சொந்தமானதன்று. மின்னழுத்தம் ஒத்திருந்தால், இரு திருகுகளால் எங்கும் பொருத்தலாம். உதிரியின் விலையை வண்டியின் அருமை தீர்மானிப்பதாக நாம் கருதுகிறோம். இவ்வுறுப்பைப் பொறுத்தவரை, அதே உறுப்பு எத்தனை வேறு வண்டிகளில் பணிசெய்கிறது என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் இதற்கு ஃபோர்டு சான்றாகும். அந்நிறுவனம் பல பத்தாண்டுகள் தன் ரிலேயை மோட்டாரிலிருந்து பிரித்து முன்சக்கர மறைப்பின் உட்புறத்தில் பொருத்திவந்தது. அதனால் அங்குள்ள பழைய ஃபோர்டு உரிமையாளர்க்கு இவ்வுதிரி இன்றும் எளிய பொருள். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் சோலினாய்டு மோட்டாரின்மேல் இருந்து, அருகிலுள்ள புகைபோக்கியின் வெப்பத்தால் செயலிழப்பதுண்டு. அவ்வண்டியை வைத்திருப்போர் ஃபோர்டு வகை ரிலேயைத் தனியே வாங்கிப் பொருத்துவதும் உண்டு. போட்டி நிறுவனத்தின் உறுப்பு தயக்கமின்றி ஏற்கப்படுவது இதன் பொதுமைக்குப் போதிய சான்று.

பிரித்தானியாவில் இத்துறை பெரும்பாலும் பர்மிங்காமின் ஜோசப் லூகாஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது. ஆஸ்டின், மாரிஸ், ஸ்டாண்டர்டு, டிரையம்ஃப் எனப் பெயர்கள் வேறாயினும் துவக்கு மோட்டாரும் டைனமோவும் ரிலேயும் லூகாஸினுடையவை. இந்த ஆதிக்கம் குறைகூறலுக்கும் உள்ளாயிற்று. ஊர்திகளின் மின்கருவி வழங்கல் குறித்து முற்றுரிமை ஆணையம் 1963-இல் அளித்த அறிக்கை, ஆலைகளுக்கு முதற்பொருத்தமாக விற்கும் விலைக்கும் உதிரியாக விற்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்தது. உதிரி வாங்குவோரின் மனக்குறை பழையது என்பதற்கு அதுவே ஆவணம். எனினும் ஒரே நிறுவனம் எல்லாருக்கும் ஒரே உறுப்பை வழங்கியதன் எதிர்பாராத பயன் பிற்காலத்தார்க்குக் கிடைத்தது: ஒரு வண்டியின் ரிலே மற்றொன்றுக்குப் பொருந்தியது. முற்றுரிமையின் நிழலில் பொதுமை வளர்ந்த விந்தை இது.

சென்னையில் 1961

இம்மரபு சென்னைக்கு வந்தது இந்தியத் தொழிற்கொள்கையின் வழியாக. விடுதலைக்குப்பின் முழுமையாக உருவான மகிழுந்துகளின் இறக்குமதி தடுக்கப்பட்டது. 1953-இல் தீர்வை ஆணையத்தின் பரிந்துரையை ஏற்ற அரசு, உள்நாட்டில் படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டமுடைய நிறுவனங்களுக்கே இடமளித்தது. பாகங்களை வரவழைத்துப் பூட்டி விற்றுவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. மகிழுந்துத் துறையில் நிலைத்தவை உத்தர்பாராவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆகிய மூன்றே.

மூன்றாவது நிறுவனம் 1948-இல் தோன்றியது. வண்டலூரை அடுத்திருந்த அதன் ஆலை வேன்கார்டு, ஸ்டாண்டர்டு 10 முதலியவற்றுக்குப்பின் 1961-இல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் பெயருடன் வெளிவந்த வண்டியே அது. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலோட்டி வடிவமைத்தது. 948 கன செண்டிமீட்டர் எஞ்சின் கொண்டது. இந்தியாவில் ஸ்டாண்டர்டு என்ற பெயரே சூட்டப்பட்டது. பிற்காலத்தில் நான்கு கதவு கொண்ட வடிவமும், 1972-இல் அதன்வழி வந்த கெசலும் இங்கேயே தோன்றின. இவ்வண்டியின் முன்பகுதி முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி எவ்விடத்துக்கும் கை எட்டும். மின்கலமும் ரிலேயும் எஞ்சினுக்குப் பின்னுள்ள சுவரின் அருகே கண்ணுக்கு நேராகத் தெரியும். பழுதுபார்ப்போர் இவ்வண்டியை விரும்பியதற்கு இதுவும் காரணம் எனலாம்.

ஹெரால்டு வந்த அதே 1961-இல்தான் லூகாஸ் நிறுவனமும் டி.வி. சுந்தரம் ஐயங்கார் குழுமமும் இணைந்து லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. அதன் ஆலை சென்னையின் பாடியில் அமைந்தது. பர்மிங்காமின் வடிவங்கள் பாடியில் உருவாகத் தொடங்கின. இந்நிகழ்வின் சிறப்பை ஹெரால்டு ஒன்றை மட்டும் கொண்டு அளப்பது தவறு. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த அம்பாசடர் லூகாஸ் மரபையே சார்ந்தது. எண்ணூரில் லேலண்டு சரக்குந்துகளும் சென்னையில் மாசே ஃபெர்குசன் டிராக்டர்களும் உருவான காலம் அது. ஒரே நகரில் இத்தனை எஞ்சின்கள் பிறந்தபோது துவக்குக் கருவிகளின் தேவையும் ஒருங்கே பெருகியது.

ஸ்டாண்டர்டு ஆலை 1980-களின் இறுதியில் மகிழுந்து உற்பத்தியை நிறுத்தியது. ஹெரால்டின் உடற்பாகங்களுக்கு அன்றே வழியடைந்தது. ஆனால் அம்பாசடரின் உற்பத்தி 2014 வரை நீடித்தது, டிராக்டர்கள் நிற்கவேயில்லை. தனித்து நிற்கும் 12 வோல்ட் ரிலேக்குச் சந்தை தொடர்ந்து இருந்தது. தன் ஆலை மறைந்தபின்னும் ஹெரால்டு பிற வண்டிகளின் தேவையால் வாழ்ந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டின் தீமைகளைப் பலர் விரித்துரைத்துள்ளனர். ஒரே வடிவம் நெடுங்காலம் உற்பத்தியில் நின்றதன் இப்பயனைக் கூறுவோர் அரியர்.

மாற்று தேடுதலின் நெறி

பொதுமை உண்டு என்பதால் எதுவும் பொருந்தும் என்று கொள்ளுதல் பிழை. புறத்தோற்றத்தில் ஒன்றுபோலத் தோன்றும் குப்பிகளுள் வெவ்வேறு இயல்புடையவை உள்ளன. விலை குறைவு என்று தவறானதை வாங்கினால் துவக்கு மோட்டாரும் மின்வடமும் கெடும். சில வேளை தீயும் பற்றும்.

முதலில், ரிலேதான் பழுதா என்பதை உறுதிசெய்ய வேண்டும். சாவியைத் திருப்பும்போது எவ்வொலியும் எழவில்லையெனில் சுருளோ சாவிச் சுவிட்சோ புவித்தொடர்போ குற்றமுடையது. விட்டுவிட்டுப் படபடவென ஒலித்தால் மின்கலம் வலுவிழந்தது எனலாம். ரிலே மூடியவுடன் மின்னழுத்தம் சரிந்து சுருள் விடுபடுகிறது; விடுபட்டதும் அழுத்தம் ஏற மீண்டும் மூடுகிறது. ‘டக்’ என ஒருமுறை மட்டும் ஒலித்து மோட்டார் சுழலாவிடில் ரிலேயின் தொடுமுனைகளை ஐயுறலாம். மோட்டார் இறுகியிருப்பதும் கூடும். பெருமுனைகள் இரண்டிலும் வோல்ட்மானியை வைத்துச் சாவியைத் திருப்பினால் விடை கிடைக்கும். நல்ல ரிலேயில் எஞ்சின் சுழலும்போது அவ்விரு முனைகளுக்கிடையே 0.2 வோல்ட் அளவுக்குமேல் வீழ்ச்சி இராது. ஒரு வோல்ட் வீழ்ந்தால், 150 ஆம்பியர் பாயும் வேளையில் 150 வாட் வெப்பம் அக்குப்பிக்குள்ளேயே எழுகிறது என்பது பொருள். இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமல் நல்ல ரிலேக்களைக் கழற்றி எறிவது பரவலான வழக்கம். மின்கலத்தின் முனையைச் சுரண்டித் தூய்மை செய்தால் தீர்ந்திருக்கும் குறைக்கு உதிரி வாங்கப்படுகிறது.

அடுத்து மின்னழுத்தம். சரக்குந்துகளுக்குரிய 24 வோல்ட் ரிலே அதே உருவில் கிடைக்கும். 12 வோல்ட் மின்கலம் அதன் தண்டை முழுவிசையோடு இழுக்காது. தண்டு அரைகுறையாக அமர்ந்து தொடுமுனை தீயும். குப்பியின் அடியில் பொறித்த எண் அழிந்திருந்தால் கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பலாகாது. சுருளின் மின்தடையை அளந்தால் தெரியும்.

மூன்றாவது, பணிநேரம். கெட்டரிங்கின் சிலநொடிக் கருத்து இங்கு நினைவுக்கு வரவேண்டும். துவக்கு ரிலேயின் சுருள் சில நொடிகளுக்கென்றே செய்யப்பட்டது. தடை குறைவு, இழுவிசை மிகுதி. இரட்டை மின்கல வண்டிகளில் இடைவிடாது மூடியிருக்கும் ரிலே வேறு. அதன் சுருள் வெப்பமேறாதிருக்கத் தடை மிகுதியாகவும், அதனால் விசை குறைவாகவும் அமைக்கப்பட்டது. இரண்டும் உருவத்தில் உடன்பிறந்தார்போல் இருக்கும். இரண்டாவதைத் துவக்கிக்குப் பயன்படுத்தினால் தொடுமுனை மெல்ல மூடி, பொறி பறந்து, நாளடைவில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ரிலே மிகக் கொடியது: சாவியை எடுத்துவிட்ட பின்னும் மோட்டார் சுழலும், மின்கல வடத்தைக் கழற்றினாலன்றி நிற்காது. தரமற்ற போலி உதிரிகளிலும் இவ்வாபத்து உண்டு. மெல்லிய செம்புப் பூச்சிட்ட இரும்புத் தட்டு அசல் செம்புத் தட்டின் இடத்தில் இருப்பின் வாங்கியவர் அறியார்.

நான்காவது மெல்லிய முனைகள். இங்கேதான் பிழை மிகுதி. லூகாஸ் வகையில் மெல்லிய முனை ஒன்றே இருப்பது வழக்கு. சுருளின் மறுநுனி குப்பியின் உடலோடு இணைந்து, பொருத்தும் திருகின் வழியாக வண்டியின் உடலைச் சேரும். ஆகவே சுவரிலுள்ள வண்ணப்பூச்சைச் சுரண்டாமல் பொருத்தினால் புதிய ரிலேயும் ஊமையாகும். இரு மெல்லிய முனையுடைய ரிலேயை வாங்கினால், இரண்டாம் முனை யாது என்று அறிவது இன்றியமையாதது. சிலவற்றில் அது சுருளின் மறுநுனி. உடலோடு இணைத்தாக வேண்டும். ஃபோர்டு வகையிலோ அது சுருளைச் சேர்ந்ததன்று. துவக்கும்போது மட்டும் மின்கலத்தின் முழு அழுத்தத்தைத் தீப்பொறிச் சுருளுக்கு அனுப்பும் வழி அது. அதனை உடலோடு இணைத்தால் சாவி திருப்பிய கணத்தில் குறுஞ்சுற்று நேர்ந்து கம்பி எரியும். தோற்றத்தில் வேறுபாடு காண இயலாத இரு முனைகள், எதிரெதிரான பணி. ஓம்மானியால் அளந்து பார்ப்பதே வழி.

பழைய பிரித்தானிய வண்டிகள் பல மின்கலத்தின் நேர்முனையை உடலோடு இணைத்தவை. இதனைக் கேட்டுப் புதிய ரிலே பொருந்தாது என்று அஞ்சுவோர் உளர். வெறுங் கம்பிச்சுருளுக்கு நேர், எதிர் என்ற வேறுபாடு இல்லை. மின்னோட்டம் எத்திசையிற் பாய்ந்தாலும் தண்டு இழுக்கப்படும். அண்மைக்காலச் சில வகைகளில் மின்துள்ளலைத் தடுக்கும் டையோடு உள்ளே இருக்கும். அவை மட்டுமே விலக்கத்தக்கன.

முன்னர்க் கூறிய சிறு கனசதுர ரிலே முப்பது, நாற்பது ஆம்பியருக்கு உரியது. அதனைத் துவக்கு மோட்டாருக்கு நேரடியாக இணைத்தால் ஒரு முயற்சியிலேயே கருகும். எனினும் அதற்கும் ஓர் இடமுண்டு. அறுபதாண்டு தேய்ந்த சாவிச் சுவிட்சுக்கும் சோலினாய்டுச் சுருளுக்கும் இடையே அதனை வைத்தால், கிடைத்தற்கரிய அச்சுவிட்சு நெடுநாள் உழைக்கும்.

புதுப்பேட்டை

சென்னையில் இத்தேடல் பெரும்பாலும் புதுப்பேட்டையில் முடியும். எழும்பூருக்கு அருகே கூவம் ஆற்றை ஒட்டிய இப்பகுதி, பழைய வண்டிகளைப் பிரித்து உறுப்புறுப்பாக விற்கும் கடைகளுக்குப் பெயர்பெற்றது. ‘காயலான் கடை’ என்ற சொல் பழம்பொருள் வணிகத்துக்கு ஆகிவந்தது. அது காயல்பட்டினத்தாரோடு இணைத்துக் கூறப்படுவதும் உண்டு. இக்கடைகளில் பொருள்கள் வண்டியின் பெயரால் அடுக்கப்படுவதைவிட உறுப்பின் வகையால் குவிக்கப்படுவது மிகுதி. அக்குவியலில் ஹெரால்டு ரிலே என்று தனியே ஒன்று இராது. டிராக்டருடையதும் அம்பாசடருடையதும் கலந்து கிடக்கும். ‘ஹெரால்டுக்கு வேண்டும்’ என்று கேட்பவர்க்கு இல்லை என்ற விடையோ, அரும்பொருள் என்ற பெயரில் மிகை விலையோ கிடைக்கலாம். ‘பன்னிரண்டு வோல்ட், ஒற்றைச் சிறுமுனை, சுவரில் பூட்டும் சோலினாய்டு’ என்று கேட்பவர்க்குக் கை நீளும். வண்டியை விடுத்து உறுப்பின் இயல்பைக் கூறும் இம்முறையே மலிவான மாற்றுக்கு வழி. ரிலே தனித்து நின்ற வடிவமைப்பின் வரலாறு இவ்வாறு ஒரு கடைவாசல் உரையாடலிலும் தொடர்கிறது.

இவ்வறிவு பெரும்பாலும் எழுதப்படாதது. ஆட்டோ எலெக்ட்ரீசியன்கள் எனப்படும் மின்பழுது வல்லுநர்கள் அதனைத் தம் ஆசானிடம் கைவழக்காகக் கற்றவர்கள். எந்தக் குப்பியைத் திறக்கலாம், எதனைத் திறக்கலாகாது என்பதை அவர்கள் எடையிலேயே உணர்வர். பழைய லூகாஸ் ரிலேயின் விளிம்பு மடிப்பைப் பொறுமையாக நிமிர்த்தி உள்ளே நோக்கினால், செம்புத் தட்டின் ஓரிடம் மட்டும் கருகியிருக்கும். தட்டைத் திருப்பி, முனைத் திருகுகளையும் அரைவட்டம் திருப்பி அமைத்தால் தீண்டப்படாத முகம் வெளிப்படும். அதே ரிலே மேலும் பல ஆண்டு பணிசெய்யும். இதைவிட மலிவான மாற்று வேறில்லை. திருகாணி முடுக்கியை இரு பெருமுனைகளின்மேல் குறுக்கே வைத்துத் துவக்கும் தெருவோர வழக்கமும் இவர்களிடையே உண்டு. கியர் இணைந்திருப்பின் வண்டி முன்பாய்ந்து எதிரே நிற்பவரை மோதும். அதனைக் கைத்திறன் என்று போற்றுவதற்கில்லை.

லூகாஸ் வடிவமைப்பாளர்கள் அவ்வழக்கத்தை எதிர்பார்த்தனரோ என எண்ணத் தோன்றுகிறது. பழைய ரிலேக்கள் பலவற்றின் முனையில் ஒரு ரப்பர்ப் பொத்தான் இருந்தது. அதனை விரலால் அழுத்தினால் தண்டு நேரடியாக நகர்ந்து சுற்றை மூடும், சாவியே வேண்டாம். ஹெரால்டின் முன்பகுதியைக் கவிழ்த்துத் திறந்து, எஞ்சினின் அருகில் நின்றபடி, வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்க்கத் தனியொருவரே எஞ்சினைச் சிறிது சிறிதாகச் சுழற்ற அது உதவிற்று. இன்று கிடைக்கும் மலிவான மாற்றுகளுள் பலவற்றில் அப்பொத்தான் இல்லை. அவற்றைப் பொருத்திய வண்டியில் அப்பணிக்கு இருவர் வேண்டும்: ஒருவர் உள்ளே அமர்ந்து சாவியைத் திருப்ப, மற்றொருவர் வெளியே நின்று ‘போதும்’ என்று குரல்கொடுக்க.